தரையிலிருந்து எடுத்த அளவு

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவருக்குக் 'கும்பிடு' என்று ஊரே பெயர் சூட்டியிருந்தது. காவித்துணி எங்காவது அசைந்தால் போதும், அவர் இடுப்பு தானாக மடங்கும். ஒருமுறை சலவைக்கடைக் கொடியில் காய்ந்த காவியையே வணங்கிவிட்டார். அதற்காக வெட்கப்படவும் இல்லை.

"துணி காயட்டும், புண்ணியம் நமக்குச் சேரட்டும்" என்றார்.

அப்பேர்ப்பட்டவர் கடைக்கு, விகாரையில் வாராவாரம் பாலி நூல்களைப் பாடம் சொல்லும் முதிய பிக்குவே கண்ணாடி கேட்டு வந்தால்? கும்பிடுவுக்குக் கண்ணீர் முட்டியது. பிக்குவை உயரமான நாற்காலியில் அமர்த்தினார். கற்றறிந்த பிக்குவுக்குச் சமமாக இல்லறத்தான் உட்காரலாமா? தரையில் சம்மணம் போட்டார்.

மேல்பாதியில் தூரப் பார்வையும் கீழ்ப்பாதியில் படிக்கும் பார்வையுமாகச் சேர்ந்த லென்ஸ் அது. படிக்கும் பகுதி எங்கே தொடங்க வேண்டும் என்பதை எதிரே உட்கார்ந்து, கண்ணுக்கு நேரே கண் வைத்துப் பார்த்து, கண்ணாடியில் கோடு போட வேண்டும். கும்பிடு தரையிலிருந்து அண்ணாந்து, பக்தியோடு போட்டார்.

பிக்கு போன பிறகு, உள்ளே லென்ஸ் தேய்க்கும் மனைவி எட்டிப்பார்த்தாள். "என்னங்க, கோடு இவ்வளவு கீழ கிடக்கு? அவருக்குக் கன்னத்துலயா கண்ணு?"

"மகானோட கண்ணு அதுடி. உன் கணக்குல அடங்குமா? வாயை மூடிட்டுத் தேய்."

அடுத்த வகுப்பில் பிக்கு அந்தக் கண்ணாடி வழியே எழுத்தைத் தேடித் தலையைப் பின்னுக்குச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். முகம் கூரையைப் பார்த்தது. சபை சிலிர்த்துப்போனது.

"பார்வையே இந்த உலகத்துல இல்ல, பாத்தியா!" என்று கும்பிடு மனைவியின் காதில் விம்மினார். முன்வரிசையில் பலர் தாங்களும் மோவாயைத் தூக்கிக்கொண்டார்கள். ஞானம் அந்தக் கோணத்தில்தான் இறங்கும் போலும்!

சில வாரங்களில் பிக்கு கழுத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "இனிமே என்னால படிச்சுக் காட்ட முடியாது. வகுப்பை நிறுத்திக்கலாம்."

சபையே அழுதது. ஊரில் வேறு யாருக்கும் அந்த நூல்கள் தெரியாது. தன் மகள் புகுந்த வீடு போனபோது கூட கும்பிடு அப்படி அழவில்லை.

"அழுது முடிச்சாச்சுன்னா ஒண்ணு சொல்லுங்க" என்றாள் மனைவி. "அளவெடுக்கும்போது எங்க உக்காந்திருந்தீங்க?"

"...தரையில."

"நினைச்சேன்! போய்ச் சொல்லுங்க. இல்லன்னா நான் போறேன்."

கும்பிடு போய்க் காலில் விழுந்தார். "பந்தே, சாமி, தப்பு என்னோடது. மரியாதையில அளவு கெட்டுப்போச்சு."

"ஓ, என் கழுத்துல உக்காந்திருக்கறது உங்க மரியாதைதானா?" என்றார் பிக்கு. "எந்திரிங்க. நாற்காலியைப் போட்டு எதிர்ல உக்காருங்க."

கொலைக்களத்துக்குப் போகிறவரைப் போலக் கும்பிடு உட்கார்ந்தார். முதன்முறையாக அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்துக் கோடு போட்டார்.

புதுக் கண்ணாடியோடு வகுப்பு மறுபடி தொடங்கியது. பிக்கு தலை நிமிராமல் படித்தார். நடுவே கடைசி வரிசையை உற்றுப்பார்த்தார். கும்பிடு கைகூப்பி, கண்மூடி, வாய் பிளந்து கிடந்தார்.

"இத்தனை நாளா அதைத் தியானம்னு நினைச்சேன்" என்றார் பிக்கு. "கண்ணாடிக்காரரே, அடுத்த வரியை நீங்க படிங்க."

மனைவி இடித்த இடியில் கும்பிடு விழித்து, தினமும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் புத்தகத்தை வாழ்க்கையிலேயே முதன்முறையாகத் திறந்தார். கிட்டே வைத்தார். தள்ளி வைத்தார். கை நீளும் மட்டும் நீட்டிப் பார்த்தார்.

தனக்கும் கண்ணாடி வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.