காலையுணவுப் பாறை வரை

"மலை வழிகாட்டி தியோடுல் இம்போடன், வயது அறுபது. நாற்பது கோடைகள் இடைவிடாத பணி. இவரது கயிற்றில் வந்த விருந்தினர் எவருக்கும் ஒரு சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை. தளர்ந்தவரின் நடைக்கேற்பத் தம் நடையைக் குறைத்துக்கொள்ளும் பொறுமைசாலி. உச்சியைவிட விருந்தினரின் உயிரே பெரிதெனக் கருதும் இவருக்குச் சங்கத்தின் தங்கப் பதக்கம் வழங்கப்படுகிறது."

எழுபத்தைந்தாம் ஆண்டு ஜனவரியில் ஓபர்மாட் வழிகாட்டிகள் சங்கத்தில் இதை வாசித்தார்கள். 'பொறுமைசாலி' என்ற இடத்தில் பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். சிராய்ப்பு பற்றிய வரி மட்டும் சத்தியம். பாதி மலையிலேயே திரும்பிவிடுகிறவர்களுக்குச் சிராய்ப்பு எங்கிருந்து வரும்?

தியோடுலின் இடது இடுப்பு நாலு கோடைகளுக்கு முன்பே போய்விட்டது. ரௌஹார்ன் சிகரத்துக்கு ஏறுகிறவர்கள் இரவு தங்கும் மலைக்குடிலிலிருந்து கிளம்பிப் பனியாற்றைக் கடந்தால், மூன்று மணி நேரத்தில் மேடை போல ஒரு பாறை வரும். எல்லாக் கயிறும், அதாவது ஒரே கயிற்றில் பிணைந்து ஏறும் எல்லாக் குழுவும், அங்கே நின்று ரொட்டி தின்னும். பெயரே காலையுணவுப் பாறை. அதற்கு மேல் நானூறு மீட்டருக்குப் பனிச்சரிவு. ஒவ்வொரு அடியையும் உதைத்து ஊன்ற வேண்டும். தியோடுலின் இடுப்பு பாறை வரை வரும். அதற்கு மேல் ஓரடி வைத்தாலும் எலும்புக்குள் யாரோ கரண்டியால் சுரண்டுவார்கள்.

விஷயம் வெளியே தெரிந்தால் சங்கத்தின் வழிகாட்டிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பிறகு மைத்துனன் நடத்தும், சுற்றுலாக்காரர்களை மலையேற்றும் கம்பி வண்டியில், தொப்பி போட்டுக்கொண்டு டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான். மைத்துனன் அந்தத் தொப்பியை இரண்டு வருஷமாகத் தயாராக வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துத் தூசி தட்டியும் காட்டுவான். பதக்கம் வாங்கியவனுக்குத் தொப்பி கிடையாது, கௌரவ ஓய்வு. அதற்கு நாற்பது கோடைகள் முழுசாக வேண்டும். எழுபத்திநாலாம் ஆண்டு தொடங்கியபோது தியோடுலுக்கு ஒன்று பாக்கி.

ஆகவே அவர் திட்டம் போட்டார். மற்ற வழிகாட்டிகள் உச்சிக்குப் போவதற்குத் திட்டம் போடுவார்கள். அதில் என்ன பிரமாதம், வரைபடத்தைப் பார்த்தால் வந்துவிடும். விருந்தாளி எந்த இடத்தில் குலைய வேண்டும் என்று திட்டம் போடுவதற்குத்தான் மனிதனைப் படிக்க வேண்டும். குடிலுக்குப் போகும் பாதையில் தியோடுல் எப்போதும் ஐம்பதடி முன்னே நடப்பார். நின்று காத்திருப்பார். விருந்தாளி மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்ததும், "வாங்க, போலாம்" என்று கிளம்பிவிடுவார். ஓய்வெல்லாம் அவருக்கே. குடிலில் உப்பு ஏறிய உலர்ந்த இறைச்சியைத் தாராளமாகப் பரிமாறுவார். தண்ணீரில் மட்டும் சிக்கனம். ஊரெல்லாம் மூன்று மணிக்கு எழுந்தால் இவர் இரண்டுக்கே எழுப்புவார். பாறையை அடையும்போது விருந்தாளி தானாகவே, "என்னால முடியல, மன்னிச்சிடுங்க" என்பார். இவர் தோளைத் தட்டிக் கொடுப்பார். நாலு கோடைகளில் எத்தனை பேர் அந்தத் தோளில் அழுதிருக்கிறார்கள்!

குடில்காரன் ஓத்மாருக்கு எல்லாம் தெரியும். "தியோ, இந்த மலைக்கு உச்சின்னு ஒண்ணு இருக்காமே, கேள்விப்பட்டிருக்கியா?" என்பான்.

"உன் சூப்புல உப்புன்னு ஒண்ணு போடணுமாமே, அது உனக்குத் தெரியுமா?" என்பார் இவர்.

அந்தக் கடைசிக் கோடையில், ஆகஸ்டில், ஷூர்ட் ஹூக்ஸ்ட்ரா வந்தார். ஹாலந்துக்காரர், ஐம்பத்திரண்டு வயது, உருண்டைத் தொப்பை. ஒரு சிற்றூர்த் தேவாலயத்தின் மணியடிப்பவர். அவர் ஊரிலேயே உயரமான மேடு ஆற்றங்கரைதானாம். தியோடுலின் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு நோட்டை விரித்தார்.

"என் கோபுரத்துக்கு முன்னூத்திப் பதினோரு படி. கணக்குப் போட்டேன். குடில்லேருந்து உங்க உச்சி இருபத்திரண்டு கோபுரம்."

"அடேயப்பா" என்றார் தியோடுல்.

"ஜூன்ல ஒருநாள் முதுகுல மூட்டையோட இருபத்திமூணு தடவை ஏறி இறங்கினேன். கடைசி ஒண்ணு உங்க மரியாதைக்கு."

ஷூர்ட் விடுதிக்குப் போனதும் மனைவி அகதா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷக் குடித்தனம். சுற்றி வளைக்க மாட்டாள்.

"இந்த ஆளு விழமாட்டாரு, தியோ."

"எல்லாரும் விழுவாங்க."

"தொப்பையப் பாத்து ஏமாறாத. காலைப் பாரு, ஒவ்வொண்ணும் உத்திரம் மாதிரி இருக்கு. பேசாம உண்மையச் சொல்லி வேற ஆளோட அனுப்பு."

"சொல்லிட்டு? உன் தம்பிகிட்டப் போய்த் தொப்பி அளவு குடுக்கவா?"

அகதா பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேவைக்கு அதிகமாகவே தேய்த்தாள்.

திட்டம் அச்சுப் பிசகாமல் நடந்தது. ஆனால் ஷூர்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐம்பதடி ஓட்டத்தை அவர் சீட்டியடித்தபடியே ஏறி வந்தார். உப்பு இறைச்சியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். இரண்டு மணிக்குத் தியோடுல் எழுப்பப் போனபோது பூட்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணியடிக்கிறவனுக்கு அது புதிதா என்ன?

பாறையில் விடிந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. ஷூர்ட் கன்னம் சிவக்கப் பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தார். தியோடுல் இடது காலை நீட்டி, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். இளம் வழிகாட்டியான ஊர்ப் பையன் அன்ஸெல்மின் கயிறு அவர்களைத் தாண்டிப் போனது. "மேல பாப்பமா, தியோ?" என்று கண்ணடித்துவிட்டுப் போனான்.

ஷூர்ட் எழுந்தார். "இன்னும் ஏழு கோபுரம்தான். போலாமா?"

தியோடுல் எழவில்லை. "கையைக் குடுங்க" என்றார்.

மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. அவர் விரலுக்கடியில் நாடி நன்றாக, ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது.

"எப்பவுமே இப்படித்தானா?"

"எப்படி?"

"விட்டு விட்டு அடிக்குது. ஒண்ணு, ரெண்டு... அப்புறம் இல்ல. இப்படி ரெண்டு பேரைப் பாத்திருக்கேன். ரெண்டு பேரும் இந்தச் சரிவுலதான்..."

முப்பது வருஷம் மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள இடைவெளியை எண்ணியே பிழைத்தவர் ஷூர்ட். அந்த மனிதனை மட்டும் தாளத்தில் ஏமாற்ற முடியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தார். முகம் வெளுத்தது. பயந்தவனின் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிடும். அப்போது அது உண்மையாகவே தவறவிட்டது.

"ஆமா," என்றார் மெல்ல. "இடறுது."

இறங்கும்போது தியோடுல் கயிற்றைத் தளர்த்தி, அடிக்கொரு தரம் நின்று, அத்தனை பொறுமையாக அழைத்து வந்தார். குடில் வாசலில் ஓத்மார் நின்றான். ஷூர்ட்டின் முகத்தைப் பார்த்ததும், வழக்கமான நையாண்டியை விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

நவம்பரில் கடிதம் வந்தது. அகதாதான் உரக்க வாசித்தாள். ஷூர்ட் கோபுர வேலையை விட்டுவிட்டார். ஊர் டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார்; ஆனால் சமவெளி டாக்டருக்கு என்ன தெரியும்? மணிக்கு மின்மோட்டார் வைத்துவிட்டார்கள். இப்போது கீழ்த்தள வீட்டில் குடியிருக்கிறார், ஜன்னலிலிருந்து கோபுரம் தெரிகிறது. உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லிச் சங்கத்துக்கும் தனியாக எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு கேள்வி:

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு மட்டும் பெரிய மணியைக் கையாலதான் அடிப்போம். ஒரே ஒரு தடவை, மெதுவா ஏறட்டுமா? என் நாடியப் புடிச்சுப் பாத்தவர் நீங்க. நீங்க சொல்றபடி செய்யறேன்."

அகதா கடிதத்தை மேசையில் வைத்தாள். "ஏறுங்கன்னு ஒரு வார்த்தை எழுதிடு, தியோ."

"ஏறிட்டு ஒண்ணும் ஆகலைன்னா? நெஞ்சுக்கு ஒண்ணுமே இல்லைன்னு சங்கத்துக்கு இன்னொரு கடிதம் எழுதுவாரு. ஜனவரில பதக்கக் கூட்டம்."

"அந்த ஆளு செத்தா போயிடுவாரு?"

"மாட்டாரு. அதான் பிரச்சினை."

அவள் எழுந்து போய்விட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டை மேசையில் வைத்தவள், எதிரில் உட்காரவில்லை.

தியோடுல் மறுநாள் காலை தபால் நிலையத்தில் ரௌஹார்ன் படம் போட்ட ஓர் அஞ்சலட்டை வாங்கினார். 'வேண்டாம். படி ஏறவே கூடாது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பெட்டியில் போட்டார்.