ஆறின பிறகு

என் மகளுக்கு இன்றைக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. முகத்தில் ஒரு வடு கிடையாது. இதில் என் பங்கு எதுவும் இல்லை. நான் கெடுக்கத்தான் பார்த்தேன். காப்பாற்றியவர் தாராவியில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் ஒரு பாய். யாருக்கும் லேசில் நன்றி சொல்லிப் பழகாதவன் நான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் ஆபீஸுக்கும், செம்பூரில் எங்கள் கட்டடத்து நாலு மாடிக்கும் தெரியும். அப்படிப்பட்டவன் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் விஷயம் பெரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஒரு காரால் வந்தது. ஐம்பத்து நாலாவது வயதில் எனக்கு ஆசை முற்றி, செகண்ட் ஹாண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். சிவப்பு. ரெண்டே சீட். தரையோடு தரையாக உட்கார வேண்டும். இறங்கும்போது முழங்கால் ‘அம்மா’ என்னும். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் மனைவி பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, “ஏன்னா, மூணு பேர் இருக்கற ஆத்துக்கு ரெண்டு சீட் காரா? யாரை வழியில எறக்கி விடறதா உத்தேசம்?” என்றாள். இருநூறில் போகக் கூடிய வண்டி. சயானிலிருந்து மாட்டுங்காவுக்கு டாக்ஸிகளுக்குப் பின்னால் பன்னிரண்டில் போய்க்கொண்டிருந்தது.

அந்த வண்டிக்கு வைத்தியம் பார்க்க ஆள் தேடி அலைந்து, கடைசியில் பாயிடம் போய்ச் சேர்ந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாள் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார். “சார், சொல்லுதேன் கேளுங்க. இது ஓடுறதுக்குன்னே செஞ்ச வண்டி. ஓடுனா காத்து வரும், இஞ்சின் குளுரும். நம்ம பம்பாய் டிராபிக்ல நின்னுக்கிட்டே கெடந்தா இதுக்கு மூச்சு முட்டும். அதனால இஞ்சின் சூட்டை இழுக்குத கூலன்ட் தண்ணி இருக்குல்லா, அது வெசயத்துல மட்டும் வெளையாடாண்டாம்.” ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் முழுசாக மாற்ற வேண்டும், இதே ரோஸ் நிறக் கூலன்ட்தான் ஊற்ற வேண்டும், பச்சையோடு கலக்கக் கூடாது, குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் கலந்துதான் நிரப்ப வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன்.

ஆட்டிவிட்டு என்ன செய்தேன்? அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டேன். அளவு குறைந்தபோது சமையலறைக் குழாயில் ஒரு சொம்பு பிடித்து ஊற்றினேன். தண்ணீர் தண்ணீர்தானே என்ற திமிர். இதைப் பாயிடம் சொல்லவும் இல்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்காவில் காபிப்பொடி, வாழையிலை, பூ எல்லாம் வாங்கிக்கொண்டு நானும் மகளும் திரும்பிக்கொண்டிருந்தோம். மகளுக்கு இருபத்து நாலு வயது. ஐரோலியில் வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் ஹிந்தியில் யோசித்துத் தமிழில் பேசுவாள். படிக்கச் சொன்னால் கடை போர்டைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். சயான் சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. வண்டி என்றால் எங்கள் வண்டி மட்டும் இல்லை, மொத்த ரோடும். சூட்டைக் காட்டுகிற முள் மெதுவாக ஏற ஆரம்பித்தது. பாதியைத் தாண்டியது. முக்கால்.

“பாய்க்குப் போன் போடு” என்றேன்.

மகள் போட்டாள். சுற்றிலும் ஹாரன். அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள், எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏ.சி.யை அணைக்க வேண்டும். ஹீட்டரை முழுசாக வைக்க வேண்டும். அது இஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். முள் இறங்காவிட்டால் ஓரம் கட்டி நிறுத்திவிட வேண்டும். பம்பாய் வெயிலில் ஹீட்டர்! நானும் அவளும் ஆவியில் வைத்த இட்லி மாதிரி வெந்தோம். ஆனால் முள் ஒரு நூல் இறங்கியது.

கடைசியாகப் பாய் ஏதோ சொல்ல, மகள், “ஆறுக்கப்புறமா? ஓகே பாய், ஓகே” என்று போனை வைத்தாள். என்னிடம், “அப்பா, வீட்டுக்குப் போய் பானெட்டைத் திறந்து வெச்சிடணுமாம். ஆனா அந்தக் கூலன்ட் மூடியை ஆறுக்கப்புறம்தான் தொறக்கணுமாம். அதுக்கு முன்னாடி தொடவே கூடாதாம்” என்றாள்.

வீடு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். இஞ்சினை அணைத்துவிட்டு, கீழே பார்க்கிங்கில் பானெட்டைத் தூக்கி வைத்தேன். மாடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தோம். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

“பாருங்கோ! இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நாலரைலேர்ந்து ஆறு வரைக்கும் ராகு காலம். அந்த பாய்க்குத் தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியலை.”

எனக்கும் அது ரொம்பப் பொருத்தமாகப் பட்டது. பாவம், மாட்டுங்கா, செம்பூர்க்காரர்களுக்கு வேலை செய்து செய்து மனுஷர் நம் நாள் நட்சத்திரமெல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார், நம் மனசு கோணக் கூடாது என்று பார்க்கிறார் என்று நெகிழ்ந்துகூடப் போனேன். மகள் தன் பங்குக்குப் பாய்க்கு ஒரு மெஸேஜ் அனுப்பினாள். வீட்டுக்கு வந்துவிட்டோம், ‘சே பஜே கே பாத் ஹீ கோலேங்கே’, ஆறு மணிக்கு அப்புறம்தான் திறப்போம் என்று. போனைச் சார்ஜில் போட்டாள். என் போனும் சோபாவில் கிடந்தது. ஆறு அடித்ததும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் இரண்டு பேரும் கீழே இறங்கினோம். எனக்கு எப்போதும் அவசரம்தானே.

கையில் ஒரு பழைய டவலைச் சுற்றிக்கொண்டு மூடியைப் பிடித்தேன். எதிர்ப்பக்கம் மகள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முகத்தை நன்றாகக் குனிந்து வைத்திருந்தாள். கால் திருகு திருகியதும் ‘உஸ்’ என்றது. அப்போது கேட்டில் ஒரு ஸ்கூட்டர் சர்ரென்று வந்து, நிறுத்தக்கூட நிறுத்தாமல் சாய்ந்தது. பார்த்தால் பாய். வெள்ளை வெளேரென்று சட்டை, அத்தர் வாசனை. ஓடி வருகிறார்.

“சார், கைய எடுங்க! ஆறல! ஆறல!”

நான் சுவர்க் கடிகாரத்தை அப்போதுதான் பார்த்துவிட்டு இறங்கியவன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஆறாயிடுத்து பாய்! ஆறு அஞ்சு!”

“அய்யோ, ஆறலங்கேன்!”

அவர் பக்கம் திரும்பிக் கத்திய வேகத்தில் என் கை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டது. மூடி பிய்த்துக்கொண்டு போனது. ரோஸ் நிறத்தில் கொதிநீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டு, மகள் நின்ற பக்கம் கொட்டியது. ஆனால் அதற்கு ஒரு கணம் முன்னால் பாய் என் மகளை வலது கையால் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்திருந்தார். அவள் முகம் இருந்த இடத்தில் அவருடைய இடது கை இருந்தது.

அவர் “தண்ணி, தண்ணி” என்று மட்டும் சொன்னார். கார் கழுவுகிற பைப்பைத் திறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டு என் மனைவி டூத் பேஸ்டோடு ஓடிவந்தாள். “அம்மா, அதெல்லாம் வேண்டாம், தண்ணி மட்டும்!” என்று மகள் தடுத்தாள். இருபது நிமிஷம் அப்படியே விட்டோம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சிவந்து, கண் முன்னால் கொப்புளம் எழும்பியது. வெள்ளைச் சட்டை முழுக்க ரோஸ் கறை. அந்த இருபது நிமிஷத்தில் மனுஷர் மூன்று தரம் கேட்டார், “பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலைல்லா?” என்று.

பைப்படியில் நின்றுகொண்டே நான் அந்த நேரத்திலும் விடவில்லை. “நீங்கதானே பாய் ஆறு மணிக்கு அப்புறம்னு சொன்னேள்?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “மணியா? நான் எங்க சார் மணி சொன்னேன்? ஆறுன பொறவு தொறங்கன்னுல்லா சொன்னேன். சூடு ஆறணும்லா? ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ ஆகட்டும், தொட்டா சில்லுன்னு இருக்கணும்.”

சூடு ஆறின பிறகு. அவ்வளவுதான் அவர் சொன்னது. தமிழ்ப் பெண்ணிடம் எதற்கு ஹிந்தி என்று ஆசையாகத் தமிழில் சொல்லியிருக்கிறார். அவள் காதில் அது கடிகாரத்து ஆறாக விழுந்திருக்கிறது. அவளாவது ஹாரன் சத்தத்தில் கேட்டவள், தமிழ் அரைகுறை. எனக்கு என்ன வந்தது? மாட்டுங்காவில் பிறந்து, தினம் காலையில் ‘காபி ஆறிப் போச்சு’ என்று மனைவியிடம் எரிந்து விழுகிறவன் நான். கொதிக்கிற இரும்பு பஞ்சாங்கம் பார்க்குமா என்று ஒரு தரம் யோசித்தேனா? அந்த ராகு காலத்தை இன்றைக்கு நினைத்தாலும் என்னையே நாலு அறை அறையலாம் போல் இருக்கிறது.

பாய் வந்த கதையைப் பிறகு ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது சொன்னார். செம்பூருக்குப் பக்கத்தில் சுனாபட்டியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண விருந்தில் உட்கார்ந்திருக்கிறார். மகளின் மெஸேஜில் ‘சே பஜே’யைப் பார்த்ததும் ஒன்றும் புரியவில்லை, என்ன ஆறு மணி என்று. பிறகு சுரீரென்று உறைத்திருக்கிறது. எங்கள் இரண்டு போனுக்கும் மாறி மாறி அடித்துப் பார்த்துவிட்டு, சாப்பாட்டில் வைத்த கையைக் கழுவாமல் ஸ்கூட்டரை எடுத்திருக்கிறார். பிரியாணியை விட்டுவிட்டு ஒரு வாடிக்கைக்காரனுக்காக யார் வருவார்கள்? நானாக இருந்தால், மெஸேஜை முழுசாகப் படித்திருக்கவே மாட்டேன்.

மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “எனக்குத் தமிழ் ஒழுங்கா வராது, அதான்” என்பாள், எழுந்து போய்விடுவாள். கண்ணாடி முன்னால் நின்று முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். நான் உள்ளே போகவில்லை.

அடுத்த வாரம் வண்டியை லாரியில் ஏற்றித் தாராவிக்குக் கொண்டுபோனேன். பாயின் கை கட்டோடு கழுத்தில் தொங்கியது. “வேற ஆள் எதுக்கு சார்? உங்களுக்கு ரெண்டு கை இருக்குல்லா, இறங்குங்க” என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஆபீஸில் யாராவது எனக்கு இப்படி உத்தரவு போட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். இவரிடம் ‘சரி பாய்’ என்றேன். முதலில் கூலன்ட் ஓடுகிற ரப்பர்க் குழாயில் புறங்கையை வைக்கச் சொன்னார். “சுடுதா?” “இல்லை பாய்.” “மேல் குழாய அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி விறைப்பா இருக்கா, மெத்துனு இருக்கா?” “மெத்துனு இருக்கு.” “அப்பம் தொறக்கலாம்.” அப்புறம்தான் மூடி. கீழே சட்டி வைத்துப் பழையதை இறக்கினேன். ரோஸாக வர வேண்டியது டீ நிறத்தில், துருவோடு வந்தது. பாய் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எந்தக் குழாய் சார்?”

“சமையலறை” என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் திட்டவில்லை, சிரித்தார். இஞ்சினுக்குக் காற்றடிக்கிற காற்றாடியை ஓட்டுகிற சின்ன ஸ்விட்ச், ரிலே, செத்திருந்தது. அதனால்தான் நின்ற இடத்தில் கொதித்திருக்கிறது. மாற்றினோம். உள்ளே கழுவி, புதுசை ஊற்றி, காற்றுக் குமிழி போகிற வரை பொறுமையாக விட்டு மூடினோம். இறக்கிய கூலன்டைச் சாக்கடையில் கொட்ட விடவில்லை. அது தித்திக்குமாம். பூனை, நாய் நக்கினால் செத்துவிடுமாம். கேனில் ஊற்றி, உள்ளே இருப்பது என்ன என்று மேலே என் கையாலேயே எழுத வைத்தார்.

இப்போதெல்லாம் ஞாயிறு காலை, காபிக்கு முன்னால், வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் கீழே போகிறேன். ராத்திரி முழுக்க நின்று சில்லென்று இருக்கும். கூலன்ட் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா, ஆயில் எவ்வளவு, பிரேக் ஆயில் எவ்வளவு, கீழே சொட்டு இருக்கிறதா என்று பார்க்கிறேன். கூடவே மகளும் வருகிறாள். மூடியைத் தொடுவதற்கு முன்னால் அவள் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “ஆறியிருக்கு” என்று சொன்னால்தான் நான் தொடுவேன்.

ஒரு மாதம் போல் ஆகியிருக்கும். பாயின் கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் மகளும் தாராவிக்குப் போனோம். ஒரு புது வெள்ளைச் சட்டையும் கொண்டுபோனோம். கை இன்னும் வெளிறிப்போய், புதுத் தோலோடு பளபளவென்று இருந்தது. என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். “பாய், நீங்க எங்க குடும்பத்தையே...” என்று ஆரம்பித்துவிட்டு, சட்டைப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தேன். மகள்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையை மெதுவாகத் தொட்டு, தமிழிலேயே கேட்டாள்.

“புண்ணு ஆறிடுச்சா, பாய்?”

பாய் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தை ரொம்பத் தீவிரமாக வைத்துக்கொண்டார்.

“எங்கேம்மா? இப்பத்தான அஞ்சே முக்கால் ஆவுது.”

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள், இரண்டு கண்ணையும்.