சோப்பைத் துரத்திய ஏழுமலை

2023 ஜனவரி 18, புதன்கிழமை, காலை பத்து நாற்பது. பனி விலகியிருந்தது; வெயில் இருந்தது, சூடு இல்லை. வெள்ளிமலைப் பக்கம் ஒரு சந்தையில் எங்கள் கை கழுவும் நாடகம் தொடங்கியது.

கள்ளக்குறிச்சியிலிருந்து போன எங்கள் விழிப்புணர்வுக் குழுவில் நான்கு பேர். கதையும் கணக்கும் என் பொறுப்பு. சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் பார்க்க வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் மலையில் இருபத்து நான்கு ஊர்களில் நிகழ்ச்சி. பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் நான்கு பேருக்கும் வேலை இல்லை.

நாடகத்தில் வசனம் கிடையாது. ஏழுமலை மட்டும்தான். ஐம்பத்திரண்டு வயது, ஆறடி உயரம், அரை டவுசர். கை கழுவத் தெரியாத பெரிய பிள்ளை வேடம். ஒன்பது நிமிடத்தில் சோப்பு பதினொரு முறை வழுக்க வேண்டும். கடைசியில் கை கழுவும் ஆறு படிகளை நான் மைக்கில் சொல்வேன். சோப்பு வழுக்கும் ஒவ்வொரு முறையும் கூட்டத்தைப் பார்த்து முகம் காட்டச் சொல்லி ஒத்திகையில் நச்சரித்தேன். அவர் கேட்கவில்லை.

"வாணாம் சார். கூட்டத்த பாத்தன்னா வேணும்னே பண்றன்னு தெரிஞ்சிடும். அப்புறம் யாரு சிரிப்பாங்க?"

ஏழாவது வழுக்கலில் சோப்பு எல்லை தாண்டி ஓடியது. துரத்திய ஏழுமலை வாளியை இடற, தண்ணீர் பாதிக்கு மேல் சாமை விற்கும் ஒரு பெண்ணின் குவியலில் பாய்ந்தது. இது ஒத்திகையில் இல்லை. அந்தம்மா அளக்கும் படியோடு எழுந்தார்.

"யோவ், இன்னாய்யா பண்ணி வச்சிக்கிற? நனைஞ்சத எவன் வாங்குவான்?"

மன்னிப்புக் கேட்க நான் மைக்கை எடுத்துவிட்டேன். ஏழுமலை சோப்பைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், அந்தம்மாவைப் பார்த்தார். பிறகு சேறு படிந்த இரண்டு கைகளையும், யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில், மெதுவாக முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அந்தம்மா படியைக் கீழே வைத்தார்.

"கைய நீட்டுடா."

அவரை உட்கார வைத்து, சோப்பை எடுத்து, மீதித் தண்ணீரில் தானே கழுவிவிட ஆரம்பித்தார். "வெரலு சந்துல யாரு தேப்பா, உன் மாமியாளா? நகத்துல பாரு, ஒரு மரக்கா மண்ணு." சந்தை மொத்தமும் சிரித்தது. கழுவிய கையை ஏழுமலை டவுசரில் துடைக்கப் போனதும் நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். எண்ணிப் பார்த்தேன், என் ஆறு படிகளையும் அவர்களே சொல்லி முடித்திருந்தார்கள். மைக்கை அணைத்தேன்.

மேடம் பக்கத்தில் வந்தார். "இருவத்தி நாலு ஊருக்கும் இந்தம்மாவ கூட்டிகினு வருவீங்களா சார்?"

தேவையில்லை, ஊருக்கு ஒருவர் இருப்பார் என்றேன். இருபத்து மூன்று ஊர்களில் யாராவது எழுந்து வந்தார்கள். ஒன்றில் மழை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வழுக்குவதைக் கற்றுக்கொள்ள இரண்டு நாள் போதும். ஆனால் சரியாகத்தான் செய்கிறோம் என்று அந்தப் பிள்ளை கடைசிவரை நம்ப வேண்டும். அப்போதுதான் பார்ப்பவரால் உட்கார்ந்திருக்க முடியாது.

நனைந்த சாமை மூன்று கிலோவை நானே வாங்கிக்கொண்டேன், 270 ரூபாய். சோப்பை அந்தம்மா திருப்பித் தரவில்லை, 38. ஆக அன்றைய கூடுதல் செலவு 308 ரூபாய்.