குறை சொல்லத் தெரியாத ஹவில்தார்

குரங்கணி முத்துக்காளை அண்ணனுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் இதுதான்: ஹவில்தாராகப் பனிமலையில் காவல் நின்று, பத்து விரல் நுனியிலும் உணர்ச்சி செத்து ஊர் திரும்பியவருக்கு, ‘இந்த ஊனம் படைப்பணியால் வந்ததல்ல’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

முன்னாள் படைவீரர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்யும் மாணவர்கள் நாங்கள். கறுப்பு அங்கி கிடையாது, வாதாட அனுமதி கிடையாது; மனு எழுதலாம், கோபப்படலாம். மனுப் போட்டுவிட்டு வாசலில் தபால்காரரை எதிர்பார்த்து நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், நீங்களும் எங்கள் கட்சிதான்.

போடியில் ஏது பனிக்கடி?

சனிக்கிழமைகளில் போடியில் ஒரு பள்ளி வகுப்பறையில் உட்காருவோம். அண்ணன் கொண்டுவந்த தாளைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. “படையில வரலைன்னா வேற எங்க வந்துச்சாம்? தேவாரம் ஊர்த் தோட்டத்துல வெள்ளரிக்காய் பறிக்கும்போதா? போடிமெட்டு உச்சியில நின்னாலும் ஒரு ஸ்வெட்டர் போதுமே!” என்று மேசையைத் தட்டினேன். உடன் படிக்கும் பிரபு தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினான்.

அநியாயம் நடந்தவரோ என்னைச் சமாதானப்படுத்தினார். “விடு ஆத்தா. எழுதுனவரு பனியப் பாத்திருக்க மாட்டாரு.”

ஒரே பதில்

தாளின் பின்பக்கம்தான் வில்லங்கம். படையிலிருந்து விடுபடும் நாளில் மருத்துவர், ‘உடம்பில் ஏதாவது குறை உண்டா?’ என்று கேட்டிருக்கிறார். ‘எதுவும் இல்லை’ என்று எழுதி, அண்ணனே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக ஊன ஓய்வூதியத்தை மறுக்கிறார்கள்.

“ஏண்ணே இப்படிச் சொன்னீங்க?” என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பது அவருக்கு இன்னும் விடாத பழக்கம்.

“எப்படி இருக்கேன்னு ஆபீசர் கேட்டா, ‘நல்லா இருக்கேன் சார்’னு சொல்லணும் ஆத்தா. வேற பதில் எங்களுக்குச் சொல்லிக்குடுக்கலையே.”

ஆறிய தேநீர்

சாட்சி தேடி குரங்கணிக்கு ஜீப்பில் போனோம். அண்ணன் மனைவி ஈஸ்வரி அக்கா ஏலத்தோட்டத்து வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். எங்களுக்குச் சூடாகத் தேநீர் தந்தவர், அண்ணனுடைய கிளாஸை மட்டும் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, இரண்டு முறை ஆற்றிய பிறகே அவர் கையில் கொடுத்தார்.

“ஒருநா தோலு பொசுங்குறது தெரியாம கிளாஸப் புடிச்சுக்கிட்டு பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு பாப்பா. நாத்தம் வந்துதான் நான் ஓடியாந்து புடுங்குனேன்.”

பழைய டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்ததில், பனிமலை முகாம் மருத்துவமனைச் சீட்டு ஒன்று ஏலக்காய் வாசனையோடு கிடைத்தது: ‘இரு கைகளிலும் பனிக்கடி.’ இதை ஏன் முன்பே காட்டவில்லை என்று அடுத்த சண்டைக்கு நான் தயாரானேன். ஈஸ்வரி அக்கா முந்திக்கொண்டார்.

“அவரு கை சுட்டா எனக்குத்தான் தெரியும். என்னைய எவன் கேட்டான்?”

ஒத்திகை

நாங்கள் கேட்டோம். அக்காவின் வாக்குமூலத்தையும் சீட்டையும் இணைத்து, எங்கள் பேராசிரியை திருத்தித் தர, மேல்முறையீடு போனது. மறுபரிசோதனைக்கு அழைப்பும் வந்தது. இனி அண்ணன் வாயைத் திறந்து குறை சொன்னால் போதும். வகுப்பறையில் பழக்கினோம்; நான்தான் டாக்டர்.

“கையில என்ன கஷ்டம்?”

“நல்லா இருக்கேன் சார்.”

ஏழு முறை. எட்டாவது முறை பிரபு சிரித்துவிட்டான், நான் அழும் நிலைக்கு வந்துவிட்டேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “அந்தக் காலத்துல துப்பாக்கியக் குடுத்தா, இருட்டுலயே பிரிச்சு மாட்டிருவேன். இது வரமாட்டேங்குது ஆத்தா.”

முதல் பொத்தான்

பரிசோதனை நாளில் எங்களை உள்ளே விடவில்லை. துணைக்கு என்று ஈஸ்வரி அக்கா மட்டும் போனார். வேப்பமரத்தடியில் நின்று நகம் கடித்தோம். வெளியே வந்ததும் அக்கா சொன்ன முதல் செய்தியே, “அங்கயும் ‘நல்லா இருக்கேன்’னுட்டாரு பாப்பா” என்பதுதான். “போச்சு!” என்றேன்.

“இரு, வெரசா பயந்துக்கிறாத. சட்டையக் கழட்டச் சொன்னாங்க. இவரு முதப் பொத்தானையே தடவிக்கிட்டு நிக்கிறாரு. ‘அய்யா, காலையில போட்டுவிட்டது நானு’ன்னேன். அந்த டாக்டரு எந்திரிச்சு வந்து, எல்லாப் பொத்தானையும் தானே கழட்டிவிட்டாரு.”

பதில்

பதில் வந்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ‘இந்த ஊனம் படைப்பணியிலேயே ஏற்பட்டது என ஏற்கப்படுகிறது’ என்று நான் தமிழில் வாசித்தேன். அண்ணன் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்து, பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்: “இப்ப கை எப்படிண்ணே இருக்கு?”

எழுந்து நிற்கப் போனவர், என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தே இருந்தார்.

அரசாங்கத்திடம் பதில் வாங்க ஒரு மேல்முறையீடு போதும் என்பதையும், எங்கள் ஹவில்தாரிடம் பதில் வாங்கத்தான் இத்தனை வருஷம் ஆகும் என்பதையும், ஈஸ்வரி அக்காவே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கும்படி அவர் மெல்லச் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டேன்: “குளிர் நாள்ல உள்ளுக்குள்ள ரொம்ப வலிக்கும் ஆத்தா.”