நாலு அடியில் சிவப்புப் பாவு

ஆங்கில டீச்சர் தன் மேசைக்கு முன்னால் எங்கள் மூன்று பேரை வரிசையாக நிறுத்தியபோதுதான் அது என் மண்டையில் ஏறியது. தள்ளி நின்றவள் நியர். அவளுக்கு முன்னால் நின்றவள் நியரர். மேசை விளிம்பு வயிற்றில் இடிக்க நின்றிருந்த நான் நியரெஸ்ட்.

"நியர்ல நூறு பேர் நிக்கலாம். நியரெஸ்ட்ல ஒருத்தர்தான்" என்றார் டீச்சர்.

ஐந்தாம் வகுப்பு வரை எதிலும் நான் அப்படி ஒரே ஒருத்தியாக இருந்ததில்லை. அதனால் அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எங்கள் ஊரில் எல்லோர் வீடும் 'கோயில் கிட்ட'தான். சின்ன காஞ்சிபுரத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். இது எவ்வளவு பொறுப்பில்லாத பேச்சு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாசற்படியில் இருந்து அடி அடியாக வைத்து எல்லாவற்றையும் அளக்க ஆரம்பித்தேன். தெருக்குழாய் இருபத்தாறு அடி, ரேஷன் கடை நூற்றெழுபது, கோயில் கோபுரம் நானூற்றுப் பன்னிரண்டு. "இவளுக்கு இன்னாமோ ஆயிட்டுது" என்றாள் அம்மா.

அந்த வாரம்தான் அத்தையைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அத்தை அப்பாவின் தங்கை. ரத்தம், சிறுநீர் சோதிக்கிற லேப் டெக்னீஷியன் படிப்பில் கடைசி வருடம். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. தை மாதத்திலேயே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்றும், அதற்குப் பிறகு படிப்பு எதற்கு என்றும் மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம்.

"நல்ல எடம்மா. ஏற்கெனவே அஞ்சு ஜாதகம் தட்டிப்போச்சு" என்றார் அப்பா. அத்தை ரெக்கார்டு நோட்டில் எதற்கோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை, வீட்டில் இருந்த ஒரே பொத்தான் போனுக்கு மாப்பிள்ளையிடமிருந்து ஆங்கிலத்தில் மெசேஜ் வந்தது. முகவரி வேண்டுமாம், கூடவே நியரெஸ்ட் லேண்ட்மார்க்கும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அத்தை நன்றாக ஆங்கிலம் எழுதுவாள். ஆனால், "பொண்ணே பதில் போட்டா நல்லாவா இருக்கும்?" என்று அம்மா சொல்லிவிட்டதால் போன் என் கைக்கு வந்தது.

"கோயில் கிட்டன்னு போடு, முடிஞ்சுது" என்றார் அப்பா.

"கோயில் நானூத்திப் பன்னெண்டு அடிப்பா. அது நியர்கூட இல்ல."

"இங்கிலீஷ்ல அப்படியா?" என்றார் அப்பா. அவருக்கு ஆங்கிலத்தின் மேல் பயம் கலந்த மரியாதை உண்டு. "அப்ப எது இருக்குதோ பார்த்துப் போடு."

நான் வாசலுக்கு ஓடினேன். மணி ஏழு இருக்கும். தினமும் விடியும்போதே எங்கள் வாசலை ஒட்டித் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை விரித்துவிடுவார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அந்த நீள நூல்களை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நீவிவிட வேண்டும். வெயில் ஏறினால் இழை அறுந்துபோகும் என்பதால் ஒன்பது மணிக்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். அன்றைக்குச் சிவப்புப் பாவு. அளந்தேன். நாலே அடி. மறுநாளைக்கு விரிக்க இன்னொரு சிவப்புப் பாவு எதிர்வீட்டில் தயாராக இருந்ததையும் போய்ப் பார்த்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற பொருள். எனக்கு அது கோபுரத்தைப் போலவே நிரந்தரம்.

எழுதி முடித்ததும் அத்தை போனை வாங்கிப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"நெம்பரை எடுத்துடு. பழைய நெம்பர், புது நெம்பர்னு ரெண்டு இருக்குது, குழம்பிடுவாங்க. தெரு பேரும் பாவும் போதும்."

"பாவு கரெக்டா, அத்தை?"

"உன்னைவிட கரெக்டா யாரும் அளக்க முடியாதுடி. அனுப்பு" என்றாள். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் நல்ல நேரம். கேசரி ஆறியது. பஜ்ஜி மாவைக் கரைத்து வைத்துவிட்டு அம்மா எட்டு தடவை வாசலுக்கு வந்தாள். தெரு வெறிச்சென்று கிடந்தது. இழை கட்டிய கழிகளைக்கூடப் பிடுங்கிப் போயிருந்தார்கள். அத்தை பட்டுப்புடவை உடுத்தி, தலை நிறையப் பூவோடு, ரெக்கார்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். போன் உள்ளறையில் சார்ஜில் இருந்தது. அவள்தான் போட்டிருந்தாள்.

நடந்தது என்ன என்பது பிற்பகலில் டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து, ஒரே பெயரில் இரண்டு இருப்பதால் பெரிய தெருவா சின்னத் தெருவா என்று தெரியாமல், சிவப்புப் பாவு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். "காலையில வந்திருந்தா எங்கே பார்த்தாலும் பாவுதான். இப்போ எல்லாம் சுருட்டியாச்சுபா" என்று சொல்லியிருக்கிறார் ஒருவர். இன்னொருவர், அடுத்த தெருவில் ஒரு வீட்டுத் தறியில் சிவப்புப் பாவு ஓடுவதாகக் கைகாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வேனில் எட்டுப் பேர் வந்து இறங்கினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கல்யாணப் புடவை எடுக்க வந்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்கள் பாய் போட்டு, மோர் கொடுத்து, புடவைகளைப் பிரித்து அடுக்கிவிட்டார்கள். பெண் வீட்டில் எவ்வளவு மரியாதை என்று மாப்பிள்ளையின் அம்மா மகிழ்ந்துபோயிருக்கிறார். ஏழாவது புடவைக்குப் பிறகுதான், "பொண்ணைக் கூப்பிடலாமே" என்று கேட்டாராம். "பொண்ணு எங்கே, நீங்கதானே கூட்டிக்கினு வரணும்?" என்று பதில் வந்திருக்கிறது.

அதற்குள் பன்னிரண்டு அடித்து எமகண்டம் பிறந்துவிட்டது. வேன் திரும்பிவிட்டது. போனில் பதினோரு மிஸ்டு கால். மணிச் சத்தம் அணைக்கப்பட்டிருந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அப்பா பேசினார். "பாவைத் தேடிக்கினு வந்தோம், சுருட்டிட்டாங்கன்றாங்க. இதுக்கு மேல இன்னா சகுனம் வேணும்?" என்று வைத்துவிட்டார்.

"மெசேஜ் அனுப்பறேன்னு எதையோ அமுக்கித் தொலைச்சிருக்கா" என்று அப்பா என்னைப் பார்த்துக் கத்தினார். நான் எதையும் அமுக்கவில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஆனாலும் அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான்தான் என்பதில் எனக்கே சந்தேகம் இருக்கவில்லை. அழுதேன்.

அத்தைதான் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் மூக்கைத் துடைத்துவிட்டாள். அடுத்த மாதம் திருமுக்கூடல் பக்கத்திலிருந்து இன்னொரு வீட்டார் வரப்போவதாகவும், அப்போதும் நான்தான் எழுத வேண்டும் என்றும் சொன்னாள்.

"இந்த வாட்டி குழாயைப் போட்டுடறேன் அத்தை. இருபத்தாறு அடி. அதை யாரும் சுருட்ட மாட்டாங்க."

அத்தை தெருக்குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "குழாய் நியர்தானேடி?" என்றாள். பிறகு, தினமும் காலையில் எங்கள் வாசலில் நின்றுவிட்டுப் பத்து மணிக்கு அடுத்த தெருவுக்குப் போகும் இஸ்திரி வண்டியை ஞாபகப்படுத்தினாள். "அது இன்னும் கிட்ட நிக்குதே. அளந்து பார்த்தியா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. இவ்வளவு படித்தவளுக்கு ஏன் ஒவ்வொரு ஜாதகமும் தட்டிப்போகிறது என்று வருத்தமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும், வண்டிக்காரர் கரியைப் பற்றவைப்பதற்கு முன்பே போய் அளந்தேன். மூணே அடி. அடுத்த மெசேஜை அப்போதே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.