குழாய் வேணுமா, வேண்டாமா?

வீடு வீடாகப் போய் முடியாதவங்களைப் பார்க்கிற மிஸ்ஸிக்கு, அதாவது நர்ஸுக்கு, ஊசி போடுறது சுலபம், "கடைசி நேரத்துல எந்த வைத்தியம் வேணும், எது வேண்டாம்னு எழுதி வச்சிருக்கீங்களா?"ன்னு கேட்கிறதுதான் கஷ்டம். மலேசியாவில, இந்த ஈப்போவில இத்தனை வருஷமா கேட்டுட்டிருக்கேன். "ஆமா"ன்னு சொன்ன வயசானவங்களை விரல் விட்டு எண்ணிடலாம், விரலும் மிச்சமிருக்கும். உங்க வீட்டுலயும் இதே கதைதானே?

வெள்ளிக்கிழமை

பாக்கியம் அம்மா சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவங்க. இப்ப மகன் குமாரோட ஈப்போவில இருக்காங்க. நுரையீரல் பாதி போச்சு. முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேட்டேன். அம்மா வாயைத் திறக்கிறதுக்குள்ள, லோரி ஓட்டுற குமார் குறுக்க வந்து, என்னை மரியாதையா வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய்ச் சொன்னார்: "மிஸ்ஸி, வெள்ளிக்கிழமை அதுவுமா இந்தப் பேச்சு வேணாம்லா."

எல்லாம் தயார்

அடுத்த தடவை குமார் வேலைக்குப் போயிருந்தார். அம்மா தானாவே ஆரம்பிச்சாங்க. மாலை போடுறதுக்குத் தன் படத்தைப் பெருசு பண்ணிக் கண்ணாடி போட்டாச்சாம். தேவாரம் பாட ஆளு சொல்லியாச்சாம். கருமாதிக்கு என்ன சமைக்கணும்னுகூட மருமககிட்ட சொல்லியாச்சாம். செத்தப்புறம் நடக்கிறதுல ஒரு குறையில்லை. அதுக்கு முன்னால நடக்கிறதுக்கு மட்டும் ஒரு வரி கிடையாது. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கோபமும் வந்துச்சு.

"அப்ப, மூச்சுக் குழாய்?"ன்னேன். அவங்க வீட்டுக்காரர் தொண்டையில குழாயோட மூணு வாரம் கிடந்து, ஒரு வார்த்தை பேசாமப் போனவர். "எனக்கு அது வேணாம் மிஸ்ஸி"ன்னாங்க. அடுத்த வாரம் எங்க டாக்டர் வந்து விளக்கினார், குழாய் வேணாம்னு எழுதின தாள்ல அம்மா கையெழுத்துப் போட்டாங்க. மகன்கிட்ட காட்டிடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். "காட்டினா அழுவான். அவன் கைக்குக் கிடைக்கிற இடத்துலதான் வைப்பேன், கவலைப்படாதீங்க."

பெட்டி

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியிலிருந்து குமார் போன் பண்ணினார். அம்மாவுக்கு மூச்சு முட்டுது, பேச முடியல, குழாய் போடவான்னு டாக்டர் கேட்கிறார். "என்ன சொல்லட்டும் மிஸ்ஸி?" வேணாம்னு அம்மா எழுதிட்டாங்க, இருக்கிறது அந்த ஒரே தாள்தான், டாக்டர்கிட்ட காட்டத் தேடுங்கன்னேன். வீட்டிலிருந்த மருமக அலமாரி, சாமி மேடை எல்லாம் தேடியும் கிடைக்கல. மிச்சம் ஒரே பெட்டி. அம்மாவுக்குக் கடைசியா உடுத்த வேண்டிய சேலை அதுலதான் இருக்கு, அவங்க கண்ணை மூடினப்புறம்தான் திறக்கணுமாம். உயிரோட இருக்கிறப்பத் திறக்கக் கூடாதுன்னு குமார் ஒரே பிடிவாதம். எனக்கு வந்துச்சே கோபம். "திறக்கச் சொல்லுங்க, பாவம் என் தலையில விழட்டும்"னு கத்திட்டேன்.

சேலை மடிப்புக்குள்ள தாள் இருந்துச்சு. மருமக போன்ல படம் பிடிச்சு அனுப்ப, டாக்டர் படிச்சார். குழாய் போடல, முகமூடியில காத்தும் மருந்தும் குடுத்தாங்க. அஞ்சாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்து, கஞ்சியில உப்பு பத்தலைன்னு மருமகளைக் குறை சொன்னாங்க. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. குமார் என் கையைப் பிடிச்சு அழுதார்: "நல்லவேளை மிஸ்ஸி, அம்மாவுக்காக நான் முடிவெடுக்க வேண்டி வரல."

இப்பல்லாம் யாராவது "எழுதியாச்சு மிஸ்ஸி"ன்னு சொன்னா, தாள் எங்க இருக்குன்னு கண்ணால பார்த்தப்புறம்தான் நான் செருப்பையே மாட்டுறேன்.