மடி உதறாத ஸ்டோர்

எனக்கு முதல் வேலை கிடைத்துக் கோயம்புத்தூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், கம்பெனியில் என்னென்ன கொடுப்பார்கள் என்று பெரியம்மாவிடம் அளந்துகொண்டிருந்தேன். போக வர வேன் உண்டு. மெஷினில் பட்டனை அமுக்கினால் காபி, எத்தனை தடவை வேண்டுமானாலும். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பன். தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி. பெரியம்மா எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சாயங்காலம் வெளிய வரையில மடிய உதறச் சொல்லுவாகளா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சுடிதார் போடுகிறவளுக்கு மடி ஏது? பெரியம்மா சிரிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தெரியாமலே இருந்த ஒன்றை அன்றைக்குத்தான் சொன்னாள். அது விளங்க வேண்டுமென்றால், கம்பத்தில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷத்துக்குப் போக வேண்டும்.

அப்போது அம்மா, பெரியம்மா இரண்டு பேருமே ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போனார்கள். ஆனால் வேறு வேறு ஸ்டோருக்கு; காயைத் தரம் பிரிக்கிற கிடங்கை எங்கள் ஊரில் ஸ்டோர் என்பார்கள். மலைக்கு மேலே கேரளத்துத் தோட்டங்களில் உலர்த்திய காய் மூட்டை மூட்டையாக ஜீப்பில் வந்து இறங்கும். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, சுளகில் கொட்டி, காம்பைக் கிள்ளி, பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரித்துப் போடுவார்கள். கூலி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆகவே அக்காளும் தங்கையும் பெருமையடித்துக்கொள்ள மிச்சம் இருந்தது கூலிக்கு மேலே கிடைத்தவை மட்டும்தான். அதில் தீர்ப்புச் சொல்லும் நாட்டாமை நான்.

அம்மா போனது பெரிய ஸ்டோர். சிமெண்டுக் களம், இரும்புக் கேட், மேனேஜர் என்று எல்லாம் உண்டு. அங்கே காலையில் பால் டீ. சாயங்காலம் நாலே கால் மணிக்கு மறுபடியும் டீ, கூடவே ஆளுக்கொரு உளுந்த வடை. தீபாவளிக்குச் சேலை. பெரியம்மா போனது ராவுத்தர் ஸ்டோர். ஓட்டுக் கட்டடம், பத்துப் பதினைந்து பெண்கள், முதலாளியே மேசை போட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். அங்கே கட்டன் சாயா மட்டும்தான். இஞ்சி தட்டிப் போட்டிருக்கும். பாலைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். வடையும் இல்லை, சேலையும் இல்லை. நோன்பு மாசத்தில் மட்டும் ஆளுக்கொரு தூக்குவாளி கஞ்சி வரும். மற்றபடி ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், வழக்கு ஆரம்பித்துவிடும். அம்மா வடையை எடுத்து விடுவாள். பெரியம்மா கஞ்சியை எடுத்து விடுவாள். அம்மா சேலையை விரிப்பாள். பெரியம்மாவிடம் சரக்கு தீர்ந்துபோகும். அப்போது கடைசியாக ஒன்று சொல்லுவாள்.

"எங்க ஸ்டோர்ல மடிய உதறச் சொல்ல மாட்டாக."

பெரிய ஸ்டோரில் வேலை முடிந்ததும் பெண்கள் கேட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு அக்கா ஒவ்வொருத்தியாகச் சோதிப்பாள். கொசுவத்தை உதற வேண்டும், மடியை உதற வேண்டும், தூக்குவாளியைத் திறந்து காட்ட வேண்டும், இரண்டு கையையும் விரிக்க வேண்டும். தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள். அந்த ஸ்டோரில் புறங்கையையும் திருப்பிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அம்மா அதைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் பேசினதில்லை.

நான் பெரியம்மாவைக் கேலி பண்ணுவேன். கொடுப்பதைச் சொன்னால் கணக்கில் சேர்க்கலாம். செய்யாமல் இருப்பதையெல்லாம் எப்படிச் சேர்ப்பது? அடிக்காமல் விடுகிறார்கள், கடிக்காமல் விடுகிறார்கள் என்று அதையும் சலுகையில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, வாய்க்கு இன்னும் வயசாகவில்லை என்றாள். தீர்ப்பு எப்போதும் பெரிய ஸ்டோருக்குத்தான். நாட்டாமைக்குத் தினமும் அரை வடை போய்க்கொண்டிருந்ததை மறைப்பானேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அந்தக் களத்துக்கு ஓடுவேன். டீ நேரத்துக்குப் பெண்கள் வராந்தாவுக்கு வந்திருப்பார்கள். அம்மா தன் வடையைச் சரிபாதியாகப் பிய்ப்பாள். எல்லா அம்மாக்களும் தங்களுக்குப் பசியில்லை என்று பொய் சொல்வார்களாம். என் அம்மா அந்த ரகம் இல்லை. மொறுமொறுப்பான பாதியைத் தனக்கு வைத்துக்கொள்வாள். கேட்டால், எட்டு மணியிலிருந்து குனிந்து உட்கார்ந்தவளுக்குத்தான் மொறுமொறுப்பு என்பாள். அந்தப் பாதிக்காக நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை.

இத்தனை ஏலக்காய்க்கு நடுவே வேலை செய்தவளின் வீட்டில் ஒரு ஏலக்காய் கிடையாது. கடையில் அது விற்ற விலைக்கு யார் வாங்குவது? ஆனால் அம்மாவின் விரல்கள் எப்போதும் மணக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. பாயசம் வைக்கிற அன்றைக்கு நான், ஒரு கிண்டு கையாலேயே கிண்டிவிடு, ஏலக்காய் போட்ட மாதிரி இருக்கும் என்பேன். அம்மா அகப்பையை ஓங்குவாள்.

அப்பா குமுளிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். மாசத்துக்கு ஒரு தடவை வருவார். ஒரு சனிக்கிழமை ராத்திரி வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். வேலை விட்டு வந்ததும் சேமியாப் பாயசம் வைப்பதாக அம்மா சொல்லியிருந்தாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் அரை நாள்தான் என்றாலும் வடை நேரத்துக்குச் சரியாகக் களத்தில் நின்றேன். ஈரம் பட்ட காயைச் சாக்கு விரித்து ஆறப் போட்டிருந்தார்கள். சாக்கின் ஓரத்தைத் தாண்டிச் சிமெண்டில் பத்துப் பதினைந்து காய் உருண்டு கிடந்தது. நல்ல பச்சை, என் சுண்டு விரல் நுனி அளவுக்குப் பருமன்.

திருடுகிறோம் என்று எனக்குக் கொஞ்சம்கூடத் தோன்றவில்லை. இதை இன்றைக்கும் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். டீ கம்பெனி கொடுப்பது, வடை கம்பெனி கொடுப்பது, சேலை கம்பெனி கொடுப்பது. கீழே சிந்திக் கிடப்பது மட்டும் யாருடையது? எனக்கு அது இன்னொரு வடை. ஒன்பது காய் பொறுக்கினேன். கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்துப் பொட்டலமாக மடித்தேன். பெண்களின் தூக்குவாளிகள் எல்லாம் வராந்தாவில் வரிசையாக இருக்கும். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அம்மாவுடையதைத் திறந்து பொட்டலத்தைப் போட்டு மூடினேன். வீட்டுக்குப் போய்த் திறக்கும்போது அம்மாவின் முகம் எப்படி ஆகும் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே அரை வடையைத் தின்றேன்.

வேலை விடுவதற்கு முன்பே நான் வீட்டுக்கு ஓடிவிட்டதால் கேட்டில் நடந்ததைப் பார்க்கவில்லை. பெரியம்மா சொன்னதைத்தான் சொல்கிறேன். அம்மா எப்போதும்போல மூடியைத் திறந்து காட்டியிருக்கிறாள். சோதிக்கிற அக்கா பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காயை உள்ளங்கையில் கொட்டியிருக்கிறாள். தாள் கீழே விழுந்திருக்கிறது. அதில் என் கையெழுத்தில் பெருக்கல் கணக்கு. அம்மா குனிந்து அதை எடுத்துக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டாளாம். மேனேஜர் வந்தார். எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டார். கூட வேலை செய்த பெண்ணொருத்தி, இவள் மகள் அங்கே நின்றுகொண்டிருந்தாள், பிள்ளை விளையாட்டுக்கு வைத்திருக்கும் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். அம்மா, இல்லை, நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டாள். நாற்பது பெண்கள் வரிசையில் நிற்க, அவர்களுக்கு முன்னால்.

திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அப்போது பெரியம்மா அம்மாவைத் திட்டியிருக்கிறாள். அதற்கு அம்மா சொன்ன பதிலைப் பெரியம்மா அப்படியே எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

"அஞ்சாப்புப் படிக்கிற புள்ளைக்கு அந்தப் பேரு வந்தா அழியுமாக்கா? எனக்குன்னா நாலு மாசம் பேசிட்டு விட்டுருவாக."

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அம்மா நேரம் கழித்து வந்தாள், தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தாள், பாயசம் வைத்தாள். அதில் ஏலக்காய் மணம் இல்லை. தாங்க முடியாமல் நானே கேட்டேன். தூக்குவாளியில் ஒன்றும் இல்லையா? அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, இருந்தது, அது நம்ம பொருள் இல்லை, அங்கேயே கொடுத்துவிட்டேன் என்றாள். இனிமேல் எங்கே எது கிடந்தாலும் எடுக்கக் கூடாது என்றாள். திட்டவில்லை. என் தலையில் கை வைத்தாள். விரல் மணத்தது. நான் ஆசையாகக் கொடுத்ததை ஊருக்குத் தானம் பண்ணிவிட்டு வந்திருக்கிறாளே என்று எனக்குக் கோபம். பாயசத்தைக் குடிக்காமல் படுத்துக்கொண்டேன். அப்பா வந்து எழுப்பிக் குடிக்க வைத்தார்.

அதன்பிறகு அம்மா பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டில் இருந்தாள். தண்ணீர் பிடிக்கத் தெருக் குழாய்க்குப் போவதற்குக்கூட என்னை அனுப்பினாள். ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டதற்கு, பெரிய ஸ்டோர் தூரம், கால் வலிக்கிறது என்றாள். பிறகு பெரியம்மாவோடு ராவுத்தர் ஸ்டோருக்குப் போகப்போவதாகச் சொன்னாள். அது இரண்டு தெரு கூடுதல் தூரம். எனக்குப் பெருக்கல் கணக்குத்தான் வராது, தூரம் நன்றாகவே தெரியும்.

நான் வீட்டை இரண்டுபடுத்திவிட்டேன். பால் டீயை விட்டுக் கட்டனுக்குப் போகிற பைத்தியம் உண்டா? வடை போச்சு. ஐப்பசி பிறக்க இன்னும் ஒரு மாசம்தான் இருந்தது. தீபாவளிச் சேலையையாவது வாங்கிவிட்டு நின்றிருக்கலாமே, கூறு கெட்ட அம்மா என்று கேட்டேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. பெரியம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராவுத்தரிடம் பெரியம்மாதான் கூட்டிப்போய்ப் பேசினாளாம். பெரிய ஸ்டோரில் நடந்தது என்னைத் தவிர ஊருக்கே தெரியும். மறைத்து ஆவதில்லை என்று முழுவதையும் சொல்ல வாயெடுத்திருக்கிறாள். அவர் பாதியிலேயே கையை உயர்த்தி, அதெல்லாம் தனக்கு எதற்கு, காய் பொறுக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டாராம்.

முதல் நாள் சாயங்காலம், புது ஸ்டோரில் ஏதாவது தேறுமா என்று பார்க்க நான் போனேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வேலை விட்டதும் பெண்கள் பேசிக்கொண்டே வாசலைத் தாண்டினார்கள். ஒருத்தரும் நிற்கவில்லை. பெரியம்மாவும் வெளியே வந்துவிட்டாள். அம்மா மட்டும் வாசல்படியில், ராவுத்தர் மேசைக்கு முன்னால் நின்றுவிட்டாள். தூக்குவாளியைக் கீழே வைத்து மூடியைத் திறந்தாள். கொசுவத்தை உதறினாள். மடியைப் பிரித்து இரண்டு தடவை உதறினாள். பிறகு இரண்டு கையையும் விரித்து, புறங்கையைத் திருப்பி, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

சோதிக்க அங்கே ஆளே கிடையாது. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

ராவுத்தர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி எழுந்து வந்தார். அம்மாவையும் பார்க்காமல், தூக்குவாளிக்குள்ளும் பார்க்காமல், மூடியை எடுத்து அவரே அதை மூடினார். எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

"இங்கன அதெல்லாம் இல்லத்தா. பொழுது போகுது, புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போ."

அம்மா வாங்கிக்கொண்டு இறங்கினாள். பெரியம்மா எங்களுக்கு முன்னால் தனியாக நடந்தாள், திரும்பியே பார்க்கவில்லை. எனக்கு உற்சாகம் அடங்கவில்லை. தெருவில் அம்மாவுக்கு முன்னால் ஓடி நின்று, பாவாடையை இரண்டு தடவை உதறி, கையை விரித்து, புறங்கையைத் திருப்பிக் காட்டினேன். வேறு நாளாக இருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அன்றைக்கு அம்மா சிரித்தாள். நான் மறுபடியும் செய்து காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்து, முந்தானையால் துடைத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தாள். அம்மாவை இவ்வளவு சிரிக்க வைத்தது நான்தான் என்று எனக்கு ஒரே பெருமை.

பஸ் ஸ்டாண்டு முக்கில் இருந்த டீக்கடையில் அம்மா நின்றாள். தன் காசில் ஒரு உளுந்த வடை வாங்கினாள். வழக்கம்போல இரண்டாகப் பிய்த்தாள். நான் என் பாதியைக் கடித்துவிட்டு, இது கம்பெனி வடை மாதிரி இல்லை என்றேன்.

 அம்மா மொறுமொறுப்பான பாதியையும் என் கையிலேயே வைத்துவிட்டாள். இத்தனை நாள் போட்ட சண்டையில் ஒருவழியாக ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, வீடு வந்து சேருவதற்குள் அதையும் தின்று முடித்தேன்.